மலையில் விழுந்த ஆடி அமாவாசை

அந்த வருடம் ஆடி அமாவாசை மலையோட்டப் போட்டியின் மூன்றாம் நாளில் வந்து விழுந்தது. நான்தான் முதலில் கண்டேன். எங்கள் குசினிச் சுவரில் தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டி தொங்கும். அதில் அந்த நாளுக்குக் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. என் மனுசன் மேசையில் மலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலாலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஓடுற கிழமையிலைதான் அமாவாசையும் வருது," என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"என்ன செய்யிறது, ஓடுறதுதான்."

"மலையிலை நாள் முழுக்க ஓடிக்கொண்டு பட்டினி கிடக்கேலாது. இந்த ஒரு வருசம் விரதத்தை விடுங்கோ. திரும்பி வந்து கோயிலிலை உங்கட அப்பாவுக்கு ஒரு மோட்ச அருச்சனை செய்விப்பம்."

"ஓம்," என்றார்.

என் மனுசனிடம் இரண்டு ஓம் இருந்தன. ஒன்று இழுத்து, தலையையும் ஆட்டிச் சொல்வது. அதை நம்பலாம். மற்றது கட்டையானது, கதையை நிறுத்துவதற்காகச் சொல்வது. அன்றைக்கு வந்தது கட்டை ஓம். "சத்தியம் பண்ணுங்கோ" என்று விடாமல் நின்றேன். "விசர்க் கதை கதையாதையும்" என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அவர் ஓடத் தொடங்கியதே வருத்தத்தால்தான். பஸ் ஓட்டுகிற வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தபடி. நீரிழிவு வந்துவிட்டது. டொக்டர் நடக்கச் சொன்னார். ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் காடு தொடங்குகிறது, அதற்குள் நடந்தார். பிறகு மெல்ல ஓடினார். பிறகு நிற்கவேயில்லை. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு நாள் எங்கட ஆட்களில் ஒருத்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்கட மனுசன் காட்டுக்குள்ள ஓடித்திரியிறாராமே, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டாள். "ஓம், நான் பொல்லோட கலைக்கிறனான்" என்றேன். அவள் நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஓட்டத்தால் அவருக்குச் சீனி கட்டுக்குள் வந்தது உண்மை. டொக்டர் தந்த குளிசையும் குறைந்தது. ஆனால் நிறுத்தப்படவில்லை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். இரண்டு தரம் அப்படி வந்து, நானே சீனித் தண்ணீர் பருக்கியிருக்கிறேன். அதனால்தான் அந்த அமாவாசையைக் கண்டதும் சத்தியம் கேட்டேன்.

விரதத்தின் கதையையும் சொல்லவேண்டும். அவர் இளந்தாரியாக நோர்வேக்கு வந்து, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்றபோதுதான் ஊரில் அவருடைய அப்பா செத்துப்போனார். சண்டைக் காலம். போக வழியில்லை. செய்தி வந்து சேர்ந்தபோது எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்திருந்தது. மூத்த மகன் கொள்ளி வைக்கவில்லை என்ற கவலை அவரை விட்டுப் போகவேயில்லை. அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு, வேலைக்குப் போக முதல், படகுத்துறைக்குப் பக்கத்தில் உடுத்த உடுப்போடு கடலுக்குள் இறங்கி மூன்று முழுக்குப் போட்டாராம். ஊரில் கீரிமலைத் தீர்த்தத்தில் செய்வதை வடதுருவக் கடலில் செய்திருக்கிறார். கரையில் நின்ற நோர்வேக்காரர் தற்கொலை என்று நினைத்துக் கயிறு எறிந்தார்களாம். இந்தக் கதையை விருந்தினர் வந்தால் சிரித்துச் சிரித்துச் சொல்வார். "அந்தத் தண்ணியிலை முழுகினவனுக்கு இனி எந்தத் தண்ணி குளிரப் போகுது?" என்று முடிப்பார்.

அந்தப் பெருமைதான் அவரைத் தின்றது.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. விடிய எழும்பி, பச்சைத் தண்ணீர்கூடக் குடியாமல், காட்டுக்குள் இருக்கும் ஏரிக்குப் போவார். தெற்கே பார்த்து நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்து, முழுகி, ஈரத்தோடு வீட்டுக்கு வருவார். நான் சமைத்து வைத்திருப்பேன். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பித்த, இந்த அமாவாசைக்கென்றே உள்ள காத்தோட்டிக்காய் வத்தலும் பொரித்திருப்பேன். பல்கனியில் காகத்துக்கு வைப்போம். நோர்வேக் காகத்துக்குப் பருப்பில் பெரிய விருப்பமில்லை, வடையைத்தான் தூக்கும். அது தூக்கிய பிறகுதான் அவர் வாயில் சோறு போகும். முதலில் தண்ணீர், பிறகு காகம், பிறகுதான் மனிசர். இந்த ஒழுங்கை அவர் மாற்றவே மாட்டார்.

போட்டி யூத்துன்ஹைமன் மலைகளில். நாலைந்து நாள் இரவும் பகலும் ஓடுகிறார்கள். நித்திரை கொள்வதென்றால் பாறையோரமோ கூடாரத்தடியிலோ சுருண்டு ஒரு கண் மூடல், அவ்வளவுதான். பள்ளத்தாக்குகளில் கூடாரம் அடித்திருப்பார்கள். அங்கே மட்டும் வீட்டு ஆட்கள் சாப்பாடு கொடுக்கலாம், சப்பாத்து மாற்றிவிடலாம். ஒவ்வொருவரின் பைக்குள்ளும் ஒரு சின்னக் கருவி. யார் எங்கே நிற்கிறார்கள் என்று எங்கள் தொலைபேசியில் புள்ளியாகக் காட்டும். நான் காரோடும் புட்டோடும் கூடாரம் கூடாரமாகப் போனேன். மற்ற ஓட்டக்காரர் பல்பசை போன்ற ஒன்றைக் கிழித்து உறிஞ்சிக்கொண்டு நிற்க, இவர் குரக்கன் புட்டும் வாழைப்பழமும் குழைத்துச் சாப்பிட்டார். இரண்டு நாளும் நல்லாய்ச் சாப்பிட்டார். எனக்கும் மனம் கொஞ்சம் ஆறியது.

மூன்றாம் நாள் விடியப்புறம், பள்ளத்தாக்கில், கூடாரத்துக்குக் கிட்ட நான் வாடகைக்கு எடுத்திருந்த மரக்குடிலில் அவர் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பினார். மலையின் மேல் பாதி இல்லை. முகில் இறங்கி வந்து கூரை உயரத்தில் நின்றது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கோப்பையைக் கையில் பிடித்துச் சூடு காய்ந்தார். குடிக்கவில்லை.

"ஏன் குடிக்கேல்லை?"

"வயிறு சரியில்லை. போற வழியிலை சாப்பிடுறன்."

"குளிசை?"

"போட்டாச்சு."

நான் சுற்றிக் கொடுத்த ரொட்டியையும் பழத்தையும் பையில் வைத்தார். நான் பார்க்கத்தான் வைத்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நேரத்துக்குச் சமையும்" என்றார். எதற்கு என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் முகிலுக்குள் போய்விட்டார். அவருடைய தொப்பியின் சிவப்பு கொஞ்ச நேரம் தெரிந்தது.

சமையும் என்றாரே, என்னத்தைச் சமைக்க? பிறகுதான் பொறி தட்டியது. ஓடிப்போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். அவருடைய உடுப்புப் பெட்டிக்குள், காலுறைகளுக்கு நடுவில், கறுத்த எள்ளுப் பக்கற் ஒன்று வாய் பிரித்துக் கிடந்தது. பாதி இல்லை.

ஐயோ என்று கத்திவிட்டேன். பக்கத்துக் குடில்காரன் எட்டிப் பார்த்தான். வரைபடத்தைப் பார்த்தேன். அவர் அன்று ஓட வேண்டிய பாதை, மேலே ஒரு ஏரியின் கரையைத் தொட்டு, சுற்றித் திரும்ப இந்தப் பள்ளத்தாக்குக்கே இறங்கியது. பனிக்கட்டி உருகி நேரே விழும் ஏரி அது; கோடையிலும் கரையில் பனி கிடக்கும் என்று அவரே முதல் நாள் ஆசையோடு சொல்லியிருந்தார்.

கூடாரத்துக்குப் போனேன். மஞ்சள் மேலங்கி போட்ட இளம் பெண் ஒருத்தி பொறுப்பாக நின்றாள். நான் வயோதிபர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறவள். என் நோர்வே மொழி சூப்புக்கும் உருளைக்கிழங்குக்கும் போதும். ஆடி அமாவாசைக்குப் போதாது. என் மனுசன் மேலே ஏரியில் குளிக்கப் போகிறார், தடுக்கவேண்டும் என்றேன். அவள் சிரித்தாள்.

"குளிக்கட்டுமே. நாங்களும் குளிப்போம். காலுக்கு நல்லது," என்றாள்.

இந்த நாட்டில் குளிர் தண்ணீரில் குதிப்பது விளையாட்டு. பனிக்காலத்தில் ஐஸை வெட்டிக் குதித்துவிட்டுக் கோப்பி குடிக்கிறவர்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது, இது விளையாட்டில்லை, உடுப்போடு முழுகி ஈரத்தோடு நிற்பார் என்று? "அவருக்கு நீரிழிவு. குளிசை போட்டிருக்கிறார். நேற்று இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. முழுகும்வரை சாப்பிடவும் மாட்டார்," என்றேன். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு நின்றது. மேலே நிற்கும் ஆட்களுக்கு அறிவிக்க வோக்கி-டோக்கியைத் தூக்கினாள். ஏரிக்கு மிகக் கிட்ட நின்றவர்களுக்கே பல மணி நேர நடை. முகிலுக்குள் ஹெலிகொப்டர் ஏறாது.

ஒஸ்லோவில் இருந்த மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இஞ்சையே பிறந்து வளர்ந்தவன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனும் அதே புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, தா டே மெ ரூ. பதறாதைங்கோ. அப்பா நல்ல வேகத்திலை போறார்."

"அவர் ஒண்டும் சாப்பிடேல்லையடா."

"ஏன்?"

"விரதம்."

"என்ன விரதம்?" என்று கேட்டான். வருடா வருடம் அந்த வடையைச் சாப்பிட்டு வளர்ந்தவன். அது எதற்கென்று நாங்கள் அவனுக்குச் சொன்னதேயில்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னேன். புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறன் என்றான்.

மத்தியானத்துக்குக் கிட்டப் புள்ளி ஏரியை அடைந்தது. பாதையை விட்டு விலகித் தண்ணீர்ப் பக்கம் இறங்கியது. நின்றது.

நான் கூடாரத்து மர வாங்கில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். அந்தப் பெண் என் தோளில் கம்பளி போட்டாள். கூடாரத் துணியில் மழை விழுந்தது; பிறகு மழையோடு பனியும் விழுந்தது. ஆடி மாதத்தில் பனி! இப்ப எள்ளுத் தூவுகிறார், இப்ப முழுகுகிறார், இப்ப தலை துவட்டுகிறார் என்று மனத்துக்குள் அவரை ஒவ்வொன்றாகச் செய்வித்தேன். எல்லாம் செய்து முடித்த பிறகும் புள்ளி அங்கேயே நின்றது. திரும்பவும் முதலிலிருந்து செய்வித்தேன். அப்போதும் நின்றது. நான் ஒருநாளும் காணாத மாமாவில், அவருடைய அப்பாவில், எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. உமக்கு ஒரு கை தண்ணி தர என்ர மனுசனை எவ்வளவு உயரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர் என்று வாய்விட்டே பேசினேன்.

அப்போது புள்ளி அசைந்தது.

முதலில் நான் நம்பவில்லை. பிறகு பாதைக்கு ஏறியது. பிறகு கீழே, எங்கள் பக்கமாக, ஒழுங்காக வந்தது. மஞ்சள் மேலங்கிக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள். மகன் எடுத்து, "பாத்தியளா, நான் சொன்னனான்" என்று சிரித்தான். நான் குடிலுக்கு ஓடினேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, காத்தோட்டிக்காய் பொரியல் எல்லாம் சமைத்தேன். கை சமைக்க, வாய் அவருக்குப் பேச்சை அடுக்கிக்கொண்டிருந்தது. வரட்டும், வாசலிலேயே வைத்துக் கொடுக்கிறன், இந்தக் கோதாரி விழுந்த ஓட்டம் இண்டையோட சரி, சப்பாத்தைத் தூக்கிக் குப்பையிலை போடுறன். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் ஆரையும் ஏசத் தயாரானதில்லை. இலைக்குப் பதிலாகக் கடதாசித் தட்டில் கொஞ்சம் எடுத்து வெளியே வைத்தேன். பெரிய மலைக்காகம் ஒன்று வந்தது. எல்லாவற்றையும் தின்றது. தின்ற பிறகும் போகாமல் வேலியில் இருந்தது.

சூடாறாமல் சோற்றைப் பெட்டியில் போட்டுத் துவாயால் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தேன். தொலைபேசியில் புள்ளி கூடாரத்துக்கு மேலேயே வந்துவிட்டது. திரையை நீக்கிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். வெள்ளைக்கார ஓட்டக்காரன், கண் உள்ளே போய், உதடு நீலம் பாரித்து நின்றான். அவன் முதுகில் அவனுடைய பை. நெஞ்சில் இன்னொரு பை.

சிவப்புத் தொப்பி அதில் கட்டியிருந்தது.

ஏரிக்கரையில் ஒரு கல்லின் மேல் பை இருந்ததாம். காய்ந்த மேலங்கி மடித்து உள்ளே இருந்ததாம். கூப்பிட்டுப் பார்த்தானாம், விசில் அடித்தானாம், முகிலுக்குள் அங்கும் இங்கும் தேடினானாம். தொலைபேசிக்கு அலை இல்லை. சொல்லத்தான் ஓடி வந்தானாம், அடையாளம் காட்டப் பையையும் எடுத்துக்கொண்டு. அவனும் இரண்டு நாளாய் நித்திரை இல்லாதவன். அவன் சொல்லச் சொல்ல நான் பையைத் திறந்தேன். ரொட்டி சுற்றியபடி இருந்தது. வாழைப்பழம் உரிக்காமல் இருந்தது.

நான் அழவில்லை. சோற்றுப் பெட்டியை அந்த ஓட்டக்காரனிடம் கொடுத்து, சாப்பிடு தம்பி என்று தமிழில் சொன்னேன். அவன் விளங்கினவன் போலத் திறந்து, கையாலேயே அள்ளிச் சாப்பிட்டான். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முகில் விலகிய பிறகு அவரைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்குள் இல்லை. முழுகிவிட்டுக் கரை ஏறியிருக்கிறார். குளிரும் வெறும் வயிறும் சேர்ந்து புத்தி மயங்கி, பை இருந்த பக்கம் தெரியாமல் எதிர்ப்பக்கம் நடந்து, ஒரு பாறையில் சாய்ந்திருந்திருக்கிறார். உடம்போடு ஒட்டிய ஈரச் சட்டையோடு. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம், அவருடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்பு மணிகள் என்னவென்று கேட்டார். எள்ளு என்றேன். அது என்ன மருந்தா என்று கேட்டார். இல்லை, அப்பாவுக்கு என்றேன். அவர் எழுதாமல் பேனாவை மூடினார்.

பெண்சாதி தடுத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லட்டும், நாக்கு அவர்களுடையது.

கொள்ளி மகன் வைத்தான். இங்கே மின்சார அடுப்பு, ஒரு பொத்தான்தான். அழுத்திய விரலை அவன் கனநேரம் எடுக்கவில்லை. ஐயர் காரியம் முடித்துத் தட்சணையை மடிக்குள் செருகிக்கொண்டு, "தகப்பன் போனது ஆடி அமாவாசையிலை எல்லோ. இனித் திவசமும் விரதமும் உமக்கு ஒரே நாள்தான் தம்பி. வருசா வருசம் பிடியும்" என்றார். மகன் தலையை ஆட்டினான். இருபத்துச் சொச்ச வயதில் ஒரு விரதம் அவன் தலையில் ஏறிவிட்டது. தொலைபேசியில் என்ன விரதம் என்று கேட்டவன், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தகப்பனுடைய சப்பாத்தைத்தான் எடுத்துப் போட்டுப் பார்த்தான். அளவாக இருந்தது. பனி உருகியதும் காட்டுக்குள் ஓடத் தொடங்கினான்.

இந்த வருடம் புது நாட்காட்டியை நான் குசினியில் மாட்டவில்லை. அலமாரிக்குள் வைத்தேன். ஆனால் மகன் ஒரு நாள் வந்து, "அம்மா, அமாவாசை எண்டைக்கு எண்டு பாத்திட்டன். அப்பா முழுகின இடத்திலைதான் முழுகப் போறன்" என்றான்.

"விசரே உனக்கு?"

"அப்பாவுக்கு அங்கைதான் குடுக்கவேணும். கார் எடுத்துப் போவன். ஒரு நாள் பாதைதானே."

நான் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்தேன். அவன் அசையவில்லை. நேற்று அமாவாசை. விடிய அவன் எழும்ப முதல் நான் எழும்பிச் சமைத்தேன். அவன் வந்ததும் தட்டை நீட்டினேன்.

"முதல் சாப்பிடு."

"அம்மா, முழுகாமல் சாப்பிடக்கூடாது. அதுதானே ஒழுங்கு."

"அந்த ஒழுங்கு உன்ர அப்பாவோட செத்துப் போச்சு. வாயைத் திற."

குழைத்து ஊட்டினேன். காகத்துக்கு முதல், தண்ணீருக்கு முதல். அவன் அழுதுகொண்டே விழுங்கினான். நானும் அழுதேன். பிறகு குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, எள்ளை அவன் கையில் வைத்து, தெற்குப் பக்கம் எது என்று காட்டினேன்.

"கதவைப் பூட்டாதை," என்றேன்.

உள்ளே தண்ணீர் விழுந்தது. நான் கதவோடு சாய்ந்து நின்றேன்.

"தம்பி, அந்த ஏரிப் பக்கம் ஒருநாளும் போகமாட்டாய்தானே?"

"ஓம்," என்றான் உள்ளிருந்து.

கட்டை ஓம். குரல்கூட அவருடையதுதான். கொழுக்கியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்து அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்தேன். பிறகு வாசற்கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன்.